0.1ம் 0.2ம் கூட்டினா ஏன் 0.3 வரல? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எது மக்கர் பண்ணாலும் "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னு தான் முதல்ல சொல்றாங்க. நிஜமாவே அதுல ஏதாவது விஷயம் இருக்கா, இல்ல சும்மா சொல்றதா?

பதில்: நிறையவே விஷயம் இருக்குங்க. ஒரு ப்ரோகிராம் ஓடிட்டு இருக்கும்போது அது பாட்டுக்கு மெமரில எதையாவது சேர்த்துட்டே போகும், எந்த ஃபைல் தொறந்திருக்கு, எந்த கனெக்‌ஷன் பதிலுக்கு காத்துட்டு இருக்கு, யாரு எத முதல்ல கேட்டாங்க, இப்படி. ஆரம்பிச்ச முதல் நிமிஷத்துல இதெல்லாம் எப்படி இருக்கும்னு எழுதினவங்களுக்கு நல்லா தெரியும், ஏன்னா அவங்க திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்ணதே அந்த நிலைமையில தான். மூணு வாரம் விடாம ஓடின பிறகு எப்படி இருக்கும்னு யாரும் உக்காந்து பாத்திருக்க மாட்டாங்க. வாங்கின மெமரிய திருப்பித் தராத ப்ரோகிராம் மெல்ல மெல்ல வீங்கிட்டே போகும், இதத்தான் மெமரி லீக்னு சொல்றோம். இன்னொரு பக்கம் ரெண்டு வேலை, நீ முடி அப்புறம் நான் செய்யறேன்னு ஒண்ணுக்கொண்ணு காத்துட்டு அப்படியே உறைஞ்சு நிக்கும், அது டெட்லாக். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் மறுபடி அந்த தெரிஞ்ச முதல் நிமிஷத்துக்கு வந்துடுது, அவ்வளவு தான்.

சில சமயம் காரணம் வெறும் எண்ணிக்கை தான். விண்டோஸ் 95, 98 ரெண்டும் மெஷின் ஆன் ஆனதுல இருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுன்னு 32 பிட், அதாவது 0, 1 மட்டும் வர 32 இலக்கம் இருக்கிற எண்ணுல எண்ணிட்டு இருந்துச்சு. 32 பிட்ல 429 கோடி வரைக்கும் தான் எண்ண முடியும், அத நாள் கணக்குல போட்டா 49.7 நாள், அதுக்கப்புறம் எண்ணு திரும்ப பூஜ்யத்துக்கு வந்து மெஷின் நின்னு போகும். இதே மாதிரி 2015ல அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு போயிங் 787 விமானங்களுக்கு ஒரு உத்தரவு போட்டுச்சு. 248 நாள் தொடர்ந்து கரண்ட்லயே இருந்தா ஜெனரேட்டர கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்ல ஒரு கவுண்டர் நிரம்பி வழிஞ்சு மின்சாரமே நின்னு போக வாய்ப்பிருக்கு, அதுக்குள்ள ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு. அது எந்த கவுண்டர்னு விவரமா சொல்லல, ஆனா செகண்ட நூறா பிரிச்சு எண்ணினா 31 பிட் நிரம்புறதுக்கு 248 நாளும் சில்லறையும் ஆகும், கணக்கு அப்படியே பொருந்துது.

ஒரு விஷயம் மட்டும் ப்ரோகிராமரா இருக்கிறவங்களுக்கு சொல்லணும். ரீஸ்டார்ட் பண்ண அடுத்த நொடி தடயம் எல்லாம் போயிடும். சர்வர்ல பிரச்சனைன்னா முதல்ல லாக், மெமரி டம்ப், என்னென்ன ஓடிட்டு இருந்துச்சுங்கற பட்டியல் எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு அப்புறம் அந்த பட்டன தொடுங்க, இல்லன்னா அடுத்த வாரமும் அதே பிரச்சனைக்கு முழிச்சிட்டு உக்காந்திருக்க வேண்டியது தான்.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் முதல் வருஷம். பைத்தான்ல 0.1 + 0.2 போட்டா 0.30000000000000004ன்னு வருது. கம்ப்யூட்டருக்கு கூட்டல் கூடவா தெரியாது?

பதில்: கூட்டல் சரியா தான் பண்ணுது தம்பி, அது கூட்டின எண்கள் தான் நீங்க நினைச்ச எண்கள் கிடையாது. நம்ம பத்து அடிமானத்துல 1ஐ 3ஆல வகுத்தா 0.3333ன்னு முடிவே இல்லாம போகுதுல்ல, கம்ப்யூட்டர் ரெண்டு அடிமானத்துல எழுதுறதால அதுக்கு 1ஐ 10ஆல வகுத்தா அதே கதி, 0.000110011001100ன்னு 0011 திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கும். எங்கயாவது வெட்டித்தானே ஆகணும், டபுள்னு சொல்ற வகையில 53 பிட்டோட வெட்டுறாங்க. அதனால நீங்க 0.1ன்னு டைப் பண்ணும்போதே உள்ள போறது 0.1ஐ விட துளியூண்டு பெருசான ஒரு எண்ணு, 0.2வும் அப்படியே, ரெண்டு துளியும் சேர்ந்து கடைசி இலக்கத்துல எட்டிப் பாக்குது. 0.5, 0.25, 0.75 மாதிரி, பின்னமா எழுதினா கீழ வர எண்ணு 2ன் அடுக்கா இருக்கிறதுக்கு இந்த தொல்லை கிடையாது, போட்டுப் பாருங்க கச்சிதமா வரும். இந்த முறைய 1985ல ஐ.ஈ.ஈ.ஈ. 754ன்னு ஒரு தரமா அறிவிச்சாங்க, இன்னைக்கு அநேகமா எல்லா மொழியும் அத தான் பின்பற்றுது, அதனால பைத்தான குறை சொல்லி வேற மொழிக்கு போனாலும் இதே விடை தான் வரும்.

இவ்வளவு சின்ன பிழை என்ன பண்ணிடப் போகுதுன்னு விட்டுடாதீங்க. 1991 பிப்ரவரி 25, வளைகுடா போர் நேரம், சவுதி அரேபியாவுல தஹ்ரான்ல அமெரிக்காவோட பேட்ரியாட் ஏவுகணை தடுப்பு அமைப்பு ஒண்ணு வந்துட்டு இருந்த ஸ்கட் ஏவுகணைய தவற விட்டுடுச்சு, 28 வீரர்கள் செத்துப் போனாங்க. அந்த கம்ப்யூட்டர் நேரத்த பத்துல ஒரு செகண்டா எண்ணி, அத 0.1ஆல பெருக்கி செகண்டா மாத்துச்சு, அந்த 0.1ஐ 24 பிட்ல வெட்டி வச்சிருந்தாங்க. அன்னைக்கு அது 100 மணி நேரத்துக்கு மேல நிறுத்தாம ஓடிட்டு இருந்ததால பிழை சேர்ந்து சேர்ந்து செகண்ட்ல மூணுல ஒரு பங்கு அளவுக்கு வந்துடுச்சு, அந்த நேரத்துல ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல பறந்துடும், ரேடார் வானத்துல தப்பான இடத்த பாத்துட்டு இருந்துச்சு. ரொம்ப நேரம் ஓடினா கணக்கு தவறும்னு சில நாள் முன்னாடியே எச்சரிக்கை போயிருந்துச்சு, ஆனா ரொம்ப நேரம்னா எத்தனை மணி நேரம்னு அதுல சொல்லல. திருத்தின சாஃப்ட்வேர் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள். இத படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துடும். எச்சரிக்கை எழுதுறப்போ ஒரு எண்ணு சேர்த்து எழுதுங்கன்னு கூட வேலை செய்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.

உங்களுக்கு நடைமுறைக்கு ரெண்டு விஷயம் போதும். பணம் சம்பந்தப்பட்ட கணக்குன்னா ஃப்ளோட், அதாவது இப்படி வெட்டி வைக்கிற எண் வகை பக்கமே போகாதீங்க, மிகச் சின்ன நாணய அளவுல முழு எண்ணா வைங்க, இல்லன்னா டெசிமல் வகைய எடுங்க. மத்த இடத்துல ரெண்டு ஃப்ளோட் சமமான்னு நேரா கேக்காம, வித்தியாசம் இவ்வளவுக்குள்ள இருக்கான்னு கேளுங்க.

கேள்வி: ஃபோன்ல 1, 2, 3 மேல இருக்கு, கால்குலேட்டர்ல 7, 8, 9 மேல இருக்கு. ஏன் இந்த குழப்பம்?

பதில்: ரெண்டும் வேற வேற வழியில வந்தது. கால்குலேட்டர் அந்த அமைப்ப பழைய ஆடிங் மெஷின்கள்ல இருந்து எடுத்துக்கிச்சு, கம்ப்யூட்டர் கீபோர்டோட வலது பக்கம் இருக்கிற எண் பகுதியும் அதே வழி. ஃபோனுக்கு பட்டன் வைக்கலாம்னு முடிவு பண்ணப்போ அமெரிக்க ஃபோன் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடமான பெல் லேப்ஸ்ல ஆளுங்கள உக்கார வச்சு பல அமைப்ப சோதிச்சு பாத்தாங்க, ரெண்டு வரிசையா அஞ்சஞ்சு, பழைய டயல் மாதிரி வட்டமா, கால்குலேட்டர் மாதிரி, இப்படி. எவ்வளவு வேகமா அழுத்துறாங்க, எத்தனை தப்பு வருது, எது பிடிச்சிருக்குன்னு கேட்டு குறிச்சு 1960ல ஆய்வா வெளியிட்டாங்க. நல்லா வந்த சில அமைப்புகளுக்குள்ள பெரிய வித்தியாசம் இல்ல, இடத்துக்கும் தயாரிப்புக்கும் தோதா இருந்த, இப்ப நாம பாக்குற அமைப்ப எடுத்துக்கிட்டாங்க, 1963ல பட்டன் ஃபோன் விற்பனைக்கு வந்துச்சு. தொட்டுப் பாக்கிற ஒரு சாமான வடிவமைக்கறதுக்கு முன்னாடி மக்கள உக்கார வச்சு அளந்து பாத்தாங்களே, அது எனக்கு ரொம்ப மரியாதையான விஷயமா படுது. இன்னைக்கு எத்தனையோ ஆப்ல பட்டன் இடம் மாறுது, இந்த அளவு சோதனை நடக்குதான்னு சந்தேகம் தான்.

கேள்வி: 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன், கம்ப்யூட்டர் 931 ஜிபின்னு காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

பதில்: இல்லங்க, டிஸ்க் முழுசா இருக்கு. தயாரிக்கிறவங்க 1 டிபின்னா லட்சம் கோடி பைட்டுன்னு கணக்கு போடுறாங்க, விண்டோஸ் 1 ஜிபின்னா 1024 பெருக்கல் 1024 பெருக்கல் 1024ன்னு போடுது, வகுத்துப் பாருங்க 931 வரும். குழப்பம் வேண்டாம்னு 1998லயே 1024 கணக்குக்கு கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட்னு தனிப் பேரு வச்சாங்க, விண்டோஸ் இன்னும் அந்தப் பேர எடுத்துக்கல.

கேள்வி: நான் எழுதுன சின்ன ஆப்ல தமிழ் சொல் ஒண்ணு குடுத்து நீளம் கேட்டா தப்பா சொல்லுது. அது போக தமிழ்ல எஸ்.எம்.எஸ். அனுப்பினா சீக்கிரமே ரெண்டு மெசேஜா போயிடுது. ஏன் சார்?

பதில்: ரெண்டுக்கும் வேர் ஒண்ணு தான், எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கிற யூனிகோட் முறை தமிழ எப்படி எழுதி வைக்குதுங்கறது. "தமிழ்"னு எடுத்துக்கங்க, நமக்கு மூணு எழுத்து. யூனிகோட்ல த ஒண்ணு, ம ஒண்ணு, இகரக் குறி ஒண்ணு, ழ ஒண்ணு, புள்ளி ஒண்ணு, மொத்தம் அஞ்சு. அத பைட்டா சேமிக்கிற யூ.டி.எஃப். 8 முறையில ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், அப்போ 15 பைட். பைத்தான் அஞ்சுன்னு சொல்லும், பைட் எண்ற மொழி 15ன்னு சொல்லும், ஸ்விஃப்ட் மொழியில கேட்டா மூணுன்னு சரியா சொல்லும், ஏன்னா அது கிராஃபீம் கிளஸ்டர்னு சொல்ற, கண்ணுக்கு ஒரு எழுத்தா தெரியற கொத்த எண்ணுது. ஜாவாஸ்கிரிப்ட்லயும் இப்ப அதுக்கு செக்மென்டர்னு ஒரு வசதி வந்தாச்சு, அத பயன்படுத்துங்க. தமிழ்ல பேரு கேக்குற எந்த ஃபார்ம்லயும் "அதிகபட்சம் 20 எழுத்து"ன்னு போட்டுட்டு உள்ள பைட் கணக்குல வெட்டுனா பாதி எழுத்துல அறுந்து கட்டம் கட்டமா வரும், இது இன்னும் நிறைய இடத்துல நடக்குது, தயவு செஞ்சு பாத்து பண்ணுங்க.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத சிக்கல் இருக்கு. "கொ" இருக்கே, அத க போட்டு ஒகரக் குறிய ஒரே குறியா போட்டும் எழுதலாம், க போட்டு ஒற்றைக் கொம்பு போட்டு அப்புறம் துணைக்கால் போட்டும் எழுதலாம். திரையில ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா தெரியும், உள்ள ஒண்ணு ரெண்டு குறி, இன்னொண்ணு மூணு குறி. ஒருத்தர் ஒரு கீபோர்டுல அடிச்சத இன்னொருத்தர் வேற கீபோர்டுல அடிச்சு தேடினா கிடைக்காது, தேடுறவரு டேட்டா இல்லன்னே நினைச்சுக்குவாரு. சேமிக்கறதுக்கு முன்னாடியும் தேடுறதுக்கு முன்னாடியும் என்.எஃப்.சி. முறையில நார்மலைஸ் பண்ணிடுங்க, அதாவது ரெண்டு விதத்தையும் ஒரே வடிவத்துக்கு கொண்டு வந்துடுங்க, ஒரே ஒரு வரி கோடு தான்.

எஸ்.எம்.எஸ். கணக்கு சுலபம். ஒரு மெசேஜுக்கு 140 பைட் தான் இடம். ஆங்கில எழுத்த 7 பிட்ல அடக்கறதால 160 எழுத்து போகும், தமிழ் வந்தா ஒவ்வொரு குறிக்கும் 16 பிட், அதனால 70 குறி தான். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணப்படுறதால நம்ம கண்ணுக்கு நாப்பது அம்பது எழுத்துலயே முடிஞ்சு போயிடும். முழு ஆங்கில மெசேஜ்ல ஒரே ஒரு தமிழ் எழுத்தோ ஒரு எமோஜியோ சேர்த்தாலும் மொத்த மெசேஜும் 16 பிட் கணக்குக்கு மாறிடும்.

கேள்வி: நெட் இல்லாத இடத்துல ஜி.பி.எஸ். வேலை செய்யுமா? சாட்டிலைட்டுக்கு நாம எங்க இருக்கோம்னு எப்படி தெரியுது?

பதில்: நெட் இல்லாமயே வேலை செய்யும், மேப் படம் மட்டும் முன்னாடியே இறக்கி வச்சிருக்கணும். சாட்டிலைட்டுக்கு நாம எங்க இருக்கோம்னு தெரியவே தெரியாது. அது 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்திட்டே "நான் இங்க இருக்கேன், இப்ப நேரம் இது"ன்னு எல்லாருக்கும் பொதுவா சொல்லிட்டே இருக்கும், ஃபோன் அத கேக்க மட்டும் தான் செய்யுது. சிக்னல் கிளம்பின நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் வச்சு தூரம் கணக்கு போடும். இடத்துக்கு மூணு அளவு தெரியணும், அது போக ஃபோன்ல இருக்கிற சாதா கடிகாரம் எவ்வளவு தப்பா ஓடுதுங்கறதும் தெரியாத ஒரு அளவு, ஆக நாலு சாட்டிலைட்டாவது வேணும். ஒளி ஒரு மைக்ரோசெகண்ட்ல 300 மீட்டர் போயிடும்ங்கறதால நேரத்துல துளி பிசகினாலும் நீங்க அடுத்த தெருவுல இருக்கிறதா காட்டும்.

இதுல எனக்கு எப்பவும் வியப்பு குடுக்கிறது ஐன்ஸ்டைன் சமாச்சாரம். வேகமா ஓடுற கடிகாரம் மெதுவாகும்னு அவர் சொன்னதுப்படி சாட்டிலைட் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோசெகண்ட் பின்தங்குது, ஈர்ப்பு குறைவான இடத்துல கடிகாரம் வேகமாகும்னு சொன்னதுப்படி 45 மைக்ரோசெகண்ட் முந்துது, ரெண்டையும் கழிச்சா நாளுக்கு 38 மைக்ரோசெகண்ட் முன்னாடி ஓடும். இத சரி பண்ணாம விட்டா ஒரே நாள்ல பத்து கிலோமீட்டர் அளவுக்கு தூரக் கணக்கு பிசகும், அதனால சாட்டிலைட் கடிகாரத்தோட ஓட்டத்த முன்கூட்டியே குறைச்சு வச்சு அனுப்புறாங்க. கரும்பலகையில எழுதின சமன்பாடு நம்ம பாக்கெட்ல ஓடிட்டு இருக்கு!

நெட் இருந்தா ஜி.பி.எஸ். சீக்கிரம் இடத்த பிடிக்கறதுக்கு காரணம், சாட்டிலைட் தன்னோட பாதை விவரத்த செகண்டுக்கு 50 பிட்ங்கற ஆமை வேகத்துல தான் அனுப்பும், நெட் இருந்தா அதே விவரத்த ஃபோன் டக்குனு வாங்கிக்கும்.

கேள்வி: பாட்டு ஷஃபிள்ல போட்டா ஒரே பாடகரோட பாட்டு அடுத்தடுத்து வருது. அது நிஜமாவே ரேண்டம் தானா?

பதில்: நிஜ ரேண்டம்னா அப்படித்தாங்க வரும். ரேண்டம்னா எல்லாம் சீரா பரவி இருக்கும்னு நம்ம மனசு எதிர்பாக்குது, அது தப்பான எதிர்பார்ப்பு. 23 பேர் இருக்கிற அறையில ரெண்டு பேருக்கு ஒரே நாள்ல பிறந்தநாள் வர வாய்ப்பு பாதிக்கு மேல, ஏன்னா 23 பேர்ல 253 ஜோடி இருக்கு. பாட்டுக்கும் இதே தான், ஒரே பாடகர் ஜோடி எங்கயாவது பக்கத்துல பக்கத்துல விழும். மக்கள் இப்படியே புகார் பண்ணதால ஆப்பிள் 2005ல ஐட்யூன்ஸ்ல ஸ்மார்ட் ஷஃபிள்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, ஒரே பாடகர் அடுத்தடுத்து வராம தள்ளி வைக்கிற மாதிரி. அதாவது ரேண்டம கொஞ்சம் குறைச்சா தான் நமக்கு ரேண்டம்னு தோணுது. நீங்களே ஷஃபிள் எழுதறதா இருந்தா ஒவ்வொரு இடத்துக்கும் மிச்சம் இருக்கிறதுல ஒண்ண ரேண்டமா எடுத்து வைக்கிற ஃபிஷர் யேட்ஸ் முறைய எழுதுங்க, அஞ்சாறு வரி தான். பட்டியல சார்ட் பண்ணச் சொல்லி ஒப்பிடுற இடத்துல ரேண்டம் எண்ண குடுக்கிற குறுக்கு வழி நிறைய பேர் எழுதறாங்க, அதுல எல்லா வரிசைக்கும் சம வாய்ப்பு கிடைக்காது.

கேள்வி: ஆஃபீஸ்ல மாசா மாசம் பாஸ்வேர்ட் மாத்தச் சொல்றாங்க. அது நல்லதா?

பதில்: நல்லதில்ல, அதுக்கு பதிலா வேற பண்ணலாம். அமெரிக்காவோட தரங்கள வகுக்கிற என்.ஐ.எஸ்.டி. அமைப்பு 2017ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயே, கசிஞ்சதுக்கு அறிகுறி இல்லாம சும்மா நாள் கணக்கு வச்சு மாத்தச் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஏன்னா மாத்தச் சொன்னா மக்கள் கடைசி எண்ண ஒண்ணு கூட்டி வைப்பாங்க, பழையது தெரிஞ்சவனுக்கு புதுசு கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. நீளம் தான் காப்பாத்தும். எட்டு சின்ன ஆங்கில எழுத்துன்னா மொத்தம் 20,882 கோடி வாய்ப்பு, பெருசா தெரியும், ஆனா திருடு போன டேட்டாவ கையில வச்சிருக்கிறவன் மெஷினுக்கு அது சாதாரணம். 7,776 சொல் இருக்கிற பட்டியல்ல இருந்து கண்ண மூடிட்டு நாலு சொல் எடுத்து சேர்த்தா வாய்ப்பு அத விட பதினேழாயிரம் மடங்குக்கு மேல, ஞாபகமும் இருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் வேற வேற வைங்க, பாஸ்வேர்ட் மேனேஜர் வச்சுக்கங்க. ஏதாவது ஒரு கணக்குல பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு அழுத்தினா உங்க பழைய பாஸ்வேர்டையே மெயில்ல அனுப்பி வச்சாங்கன்னா அங்க இருந்து கிளம்பிடுங்க, அவங்க அத திரும்பப் படிக்கிற மாதிரி சேமிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

கேள்வி: ஓப்பன் சோர்ஸ் பாதுகாப்பானதுன்னு சொல்றீங்களே, யாரு வேணா கோடு சேர்க்கலாம்னா திருடனும் சேர்க்கலாமே?

பதில்: சேர்த்தாங்க. 2024ல நடந்தத சொல்றேன். எக்ஸ்.இசட்.னு ஒரு சுருக்கும் கருவி இருக்கு, லினக்ஸ்ல அநேகமா எங்க பாத்தாலும் இருக்கும், பல வருஷமா அத கவனிச்சிட்டு வந்தது பெரும்பாலும் ஒரே ஒரு மனுஷன், சம்பளம் இல்லாம. அவருக்கு உதவி பண்றேன்னு ஜியா டான்ங்கற பேருல ஒருத்தர், அல்லது ஒரு கூட்டம், ரெண்டு வருஷத்துக்கு மேல பொறுமையா நல்ல நல்ல திருத்தமா அனுப்பி நம்பிக்கைய சம்பாதிச்சு, கடைசியில வெளியீடு செய்ற அதிகாரமும் வாங்கி, 5.6.0, 5.6.1 ரெண்டு பதிப்புலயும் ஒரு கள்ளக் கதவ வச்சுட்டாங்க. நேரா கோடுல இல்ல, டெஸ்ட் ஃபைல்னு சொல்லி வச்ச பைனரிக்குள்ள ஒளிச்சு வச்சு, பில்ட் பண்ணும்போது, அதாவது கோட ஓடற ப்ரோகிராமா மாத்தும்போது மட்டும் வெளிய வர மாதிரி. அது பரவியிருந்தா சர்வருக்குள்ள ரிமோட்டா நுழையற எஸ்.எஸ்.எச். வழியாவே அவங்க உள்ள வந்திருக்கலாம்.

பிடிச்சது ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு, போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ்ல வேலை செய்ற ஒரு டெவலப்பர். அவர் பாதுகாப்பு ஆராய்ச்சி எதுவும் பண்ணல, டேட்டாபேஸ் வேகத்த அளந்துட்டு இருந்தாரு, எஸ்.எஸ்.எச். லாகின் வழக்கத்த விட அரை செகண்ட் கூடுதலா எடுக்குது, சி.பி.யூ.வும் அதிகமா தின்னுது, ஏன்னு தோண்டிட்டே போய் இத கண்டுபிடிச்சு 2024 மார்ச் 29 அன்னைக்கு உலகத்துக்கு சொன்னாரு. அந்த பதிப்பு டெபியன், ஃபெடோராங்கற லினக்ஸ் வகைகளோட சோதனைப் பதிப்புகளுக்கு வந்திருந்துச்சு, பெரும்பாலான சர்வர்கள்ல ஓடுற நிலையான பதிப்புகளுக்கு இன்னும் போகல.

உங்க கேள்விக்கு என் பதில், கோடு தொறந்திருக்கிறதால மட்டும் பாதுகாப்பு வந்துடாது, யாராவது பாக்கணும், பாக்கிறவருக்கு நேரமும் சோறும் கிடைக்கணும். ஃப்ராய்ண்டால இவ்வளவு தூரம் தோண்ட முடிஞ்சது மூலக் கோடு கைக்கு எட்டுற மாதிரி இருந்ததால தான், மூடி வச்ச சாஃப்ட்வேரா இருந்திருந்தா அரை செகண்ட் மெதுவா இருக்குன்னு புகார் எழுதிட்டு காத்திட்டு இருந்திருப்பாரு. இத்தன பெரிய கம்பெனிகள் ஓசியில பயன்படுத்துற கருவிய ஒரு தனி மனுஷன் தோள்ல ஏத்தி வச்சது தான் இதுல எனக்கு பெரிய கவலை, அந்த பாரம் இன்னும் எறங்கல.

கேள்வி: மைக்ரோவேவ் ஓவன் போட்டா வைஃபை மெதுவாகுது. பிரமையா?

பதில்: பிரமை இல்ல. ஓவன் ஓடுறது 2.45 கிகாஹெர்ட்ஸ், பழைய வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை, ரெண்டும் ஒரே இடம். ஓவனுக்குள்ள ஆயிரம் வாட் அளவுல சுத்திட்டு இருக்கிறதுல துளி கசிஞ்சாலும், ஆளுக்கு ஆபத்து இல்லாத அளவுன்னாலும், வைஃபையோட பத்துல ஒரு வாட் சிக்னலுக்கு அது பெரிய சத்தம். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாறிடுங்க. ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ்ல இருக்கிற பெரிய ரேடியோ தொலைநோக்கில 1998ல இருந்தே பெரிடான்னு பேரு வச்ச புரியாத சிக்னல் அப்பப்ப வந்துட்டு இருந்துச்சு, 2015ல தான் விடை கிடைச்சுது, அங்க வேலை பாக்கிறவங்க ஓவன் நிக்கறதுக்கு முன்னாடியே கதவ தொறக்கறப்போ வெளிய வந்த அலை. நேரம், தொலைநோக்கி திரும்பியிருந்த திசை எல்லாத்தையும் வச்சு சோதிச்சு அத நிரூபிச்ச விதம் ஒவ்வொரு டீபக் பண்றவங்களும் படிக்க வேண்டியது.

கேள்வி: ரொம்ப தூரத்துல இருக்கிற விண்கலத்துல சாஃப்ட்வேர் பிரச்சனை வந்தா என்ன பண்ணுவாங்க?

பதில்: 1977ல கிளம்பின வாயேஜர் 1 கதை தான் இதுக்கு சரியான பதில். 2023 நவம்பர்ல அது அனுப்புற டேட்டா அர்த்தமே இல்லாத குப்பையா மாறிடுச்சு. அப்போ அது 2,400 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்துச்சு, ஒரு கட்டளை அனுப்பினா போய்ச் சேர இருபத்திரெண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரெண்டரை மணி நேரம். கடைசியா மெமரி முழுசையும் அனுப்பச் சொல்லி வாங்கி, நல்லா இருந்தப்ப வந்ததோட ஒப்பிட்டு, ஒரு சிப் செத்துப் போச்சுன்னு கண்டுபிடிச்சாங்க, மெமரில 3 சதவீதம் அளவுக்கு போயிடுச்சு. அதுல இருந்த கோட வேற இடத்துக்கு மாத்தணும், ஆனா மொத்தமா வைக்கிற அளவுக்கு எங்கயும் காலி இடம் இல்ல. அதனால துண்டு துண்டா வெட்டி வெவ்வேற இடத்துல வச்சு, அத குறிப்பிடுற எல்லா முகவரியையும் திருத்தி, 2024 ஏப்ரல் 18 அன்னைக்கு முதல் துண்ட அனுப்பினாங்க. ரெண்டு நாள் கழிச்சு 20ஆம் தேதி அஞ்சு மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையா படிக்கிற மாதிரி டேட்டா வந்துச்சு. நாம புது கோட சர்வர்ல ஏத்தி பத்து செகண்ட் ஆனாலே பொறுமை போயிடுது, அவங்க ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் காத்திருந்து ஒரு எழுத்து கூட தவறாம பண்ணியிருக்காங்க.

கேள்வி: பழைய ஃபோன, லேப்டாப்ப வித்தா அழிச்ச ஃபோட்டோவ எடுத்துடுவாங்களாமே?

பதில்: லேப்டாப்ல பழைய வகை ஹார்ட் டிஸ்க்னா எடுக்க முடியும். டெலீட் பண்றது, புத்தகத்துல பொருளடக்கத்த மட்டும் கிழிச்சிட்டு பக்கங்கள விட்டு வைக்கிற மாதிரி, அந்த இடத்துல புதுசா எதையாவது எழுதுற வரைக்கும் பழசு அங்கயே இருக்கும். அதனால முழு டிஸ்க்கையும் மேல எழுதி அழிக்கிற கருவிய ஓட்டுங்க. எஸ்.எஸ்.டி.ன்னா அதோட சொந்த செக்யூர் எரேஸ் வசதிய பயன்படுத்துங்க. இப்ப வர ஃபோன்கள்ல சேமிக்கறதெல்லாம் என்கிரிப்ட் ஆகி தான் இருக்கும், ஃபேக்டரி ரீசெட் பண்ணும்போது சாவி அழிஞ்சு போறதால மிச்சம் இருக்கிறத எடுத்தாலும் படிக்க முடியாது. ரீசெட் பண்றதுக்கு முன்னாடி உங்க அக்கவுண்ட்ட லாக் அவுட் பண்ணிடுங்க, இல்லன்னா வாங்கினவரு ஃபோன தொறக்க முடியாம உங்களத் தான் கூப்பிடுவாரு. சிம்மையும் மெமரி கார்டையும் கழட்ட மறக்காதீங்க.